எமன் மேடம்

இந்த முறையும் பொம்மை செத்துப்போனது.

மானிட்டரில் பச்சைக் கோடு நேராக ஓட, கோல்ட் மெடல் கையிலிருந்த கத்தரியைத் தட்டில் போட்டாள். படிப்பில் எப்போதும் முதலிடம் என்பதால் பல்கலைக்கழகத்தின் அறுவைப் பயிற்சி மையத்தில் அவளுக்கு அதுதான் பெயர்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பயிற்சியாளர் மேடம் எழுந்து வந்தார்.

"வெளியில இவன் பொண்டாட்டி காத்துக்கிட்டிருக்கா. போய்ச் சொல்லிட்டு வா."

வெளியே இருந்தது ஒரு காலி நாற்காலி. அதனிடம்தான் சொல்ல வேண்டும்.

"மேடம், நான் எங்க தப்புப் பண்ணேன்?"

"எங்கயும் இல்ல."

"ரத்தத்தை நிறுத்திட்டேன். பிரஷர் ஏறிடுச்சு. பிழைச்சிருக்கணுமே?"

"பிழைக்கல. போ, சொல்லு."

நாற்காலியைப் பார்த்து, "எங்களால காப்பாத்த முடியலம்மா" என்று முணுமுணுத்தாள்.

"நின்னுக்கிட்டுச் சொல்லாத. பக்கத்துல உக்காந்து சொல்லு."

கேன்டீனில் கோல்ட் மெடல் கொதித்தாள்.

"டெக்னீஷியன்கிட்டயே கேட்டுட்டேன். மெஷின் கணக்குப்படி அவன் பிழைச்சுட்டானாம். இந்தம்மாதான் பட்டனை அமுக்கிச் சாகடிக்குது."

"சும்மாவா எமன் மேடம்னு பேரு வெச்சோம்?" என்றான் கூடப் படிப்பவன். "வயித்தெரிச்சல். நாம முன்னுக்கு வர்றது பொறுக்கல."

பேட்ச் மொத்தமும் இயக்குநர் அறைக்குப் போனது. அவர் மேடத்தை வரவழைத்து, அவர்கள் எதிரிலேயே கேட்டார்.

"வேணும்னே சாகடிக்கிறீங்களா?"

"ஆமா சார்."

"எதுக்கு?"

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "பழகட்டும்னுதான்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

மறுவாரமே அவரை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு பொம்மைகள் ஒழுங்காகப் பிழைத்தன. கோல்ட் மெடல் இன்னொரு மெடலும் வாங்கினாள்.

பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையிலேயே வேலைக்குச் சேர்ந்து சில மாதம் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஒருநாள், விபத்தில் கல்லீரல் கிழிந்துபோன லாரி டிரைவர் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். கிழிந்த இடத்தைத் தைத்தாள். ரத்தம் நின்றது. பிரஷர் ஏறியது. அப்பாடா என்று நிமிர்ந்தபோது இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். உயிர் திரும்பவில்லை.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். "உன் மேல ஒரு குறையும் இல்ல" என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்.

வெளியே அவன் மனைவி காத்திருந்தாள். கோல்ட் மெடல் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னாள். எப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் இவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

பிறகு கோல்ட் மெடல் கை கழுவப் போனாள். கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு குழாயை மூடியது.

எமன் மேடம்.

"உங்க பேட்ச்ல யாருக்கு முதல் தடவை இப்படி ஆனாலும் என்னைக் கூப்பிடுன்னு ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன். வா, வீட்டுல கொண்டு விடறேன்."

கோல்ட் மெடலால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மேடம், நாங்க உங்களை அன்னிக்கு..."

"அதை விடு. கிளம்பு."

"வேணாம் மேடம். நானே போயிக்கிறேன். எனக்கு ஒண்ணுமில்ல."

மேடம் அவளுடைய பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"என் பையனும் டாக்டர்தாம்மா. முதல் பேஷன்ட் போன அன்னிக்கு இப்படித்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுக் கிளம்பினான். மறுநாள் ஏரியிலேருந்துதான் எடுத்தாங்க. அவன் படிச்ச இடத்துல, அவன் கையில ஒரு பொம்மைகூடச் செத்ததில்ல."