பதின்மூன்றாவது ஆள்

இணையத்தில் தூக்கம் வராதவர்களின் குழு ஒன்றில், பன்னிரண்டு பொய்ப் பெயர்களில் அவளேதான் எழுதிக்கொண்டிருந்தாள். கம்பெனியின் படுக்கை விளக்கு விற்க வேண்டுமே!

மேலாளர் வாயெல்லாம் பல்லாக வந்தார். “அசத்திட்டேம்மா! ‘விளக்கு வந்ததுலேர்ந்து எங்க வீட்டுப் பொண்ணு நள்ளா தூங்குறா’ன்னு எழுத்துப்பிழையோட போட்டிருக்கே பாரு, அச்சு அசல் நிஜ ஆள்!”

“அது நான் எழுதலை சார். யாரோ வாங்கினவங்க...”

“வாங்கினவங்களா? விளக்கு அடுத்த மாசம்தானே கடைக்கே வருது! இப்போதைக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அதையும் நீதானே எடுத்துட்டுப் போனே?”

ஆமாம். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வீட்டில் அவள் மட்டும்தான்.

கைப்பேசி சிணுங்கியது. பதின்மூன்றாவது ஆள்.

“நேத்தும் நீ நள்ளா தூங்கினே. சீக்கிரம் வந்துடு, விளக்கைப் போட்டு வெச்சிருக்கேன்.”