எப்பவும் போல

விளக்கை அணைத்தார்கள்.

அவள் முதுகில் துணி இல்லை. ஏசிக் காற்று நேராக அதன் மேல்தான் அடித்தது. கூந்தலை அம்மா தூக்கிக் கொண்டை போட்டுக் கிளிப் மாட்டிவிட்டிருந்தாள். தரையில் ஒட்டியிருந்த பாதப் படத்தின் மேல் பாதங்களை வைத்து, அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

“எப்பவும் போல நில்லும்மா,” என்றாள் ஸ்கேன் எடுக்கும் ஜெபராணி. “இது எக்ஸ்ரே இல்ல. முதுகுல கோடு கோடா வெளிச்சம் விழும். எங்க வளைஞ்சிருக்குன்னு அதுவே காட்டிரும்.”

எப்பவும் போல.

அதைத்தான் அவள் செய்யப்போவதில்லை.

போன தடவை டாக்டர் அம்மாவிடம் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். முதுகெலும்பின் வளைவு இதற்கு மேல் கூடினால், அதை நிமிர்த்தப் போட்டிருக்கும் பெல்ட் போதாது. முதுகைத் திறந்து கம்பி வைக்க வேண்டியிருக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அந்த மனிதருக்கு ஞாபகமே இல்லை.

கம்பி என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எதிர்வீட்டு மொட்டைமாடியில், பாதியில் நின்றுபோன தூண்களிலிருந்து துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருப்பது.

அன்றிலிருந்து அறைக் கதவைத் தாழிட்டு, பீரோ கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். இடது தோளைத் தூக்கு. வலது தோளை இறக்கு. இடுப்பை இந்தப் பக்கம் தள்ளு. மூச்சைப் பிடி.

கணக்குப் பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை. படித்திருந்தால் அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டிருப்பாள்.

இப்போது எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தாள்.

தொடை நடுங்கியது. நடுக்கமும் படத்தில் விழுந்துவிடுமோ என்று பயந்தாள்.

முதுகில் ஏதோ பட்டதுபோல் இருந்தது. வெளிச்சத்துக்குக் கனம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பட்டது.

“முடிஞ்சுது.”

விளக்கு எரிந்தது. அம்மா துண்டைப் போர்த்திவிட்டாள்.

கம்ப்யூட்டர் திரையில் தலையில்லாத ஒரு முதுகு, நீலமும் பச்சையுமாக. நடுவில் ஓடிய கோடு ஏறக்குறைய நேராக இருந்தது.

“பரவாயில்லையே, நல்லா கொறஞ்சிருக்கு,” என்றாள் ஜெபராணி. “இனி ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதும்னு டாக்டர் சொல்லிருவாரு. பெல்ட்டக்கூட நிறுத்துனாலும் நிறுத்துவாரு.”

அம்மா அழுதுவிட்டாள். திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“பாத்தியாட்டி, கும்புட்ட சாமி கைவிடல.”

ஜெயித்தாயிற்று. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை. மூச்சை விட்டதும் வலது தோள்பட்டை எலும்பு தன் இடத்துக்குத் திரும்பிப் போனது. துண்டு அந்தப் பக்கம் புடைத்தது. முன்பு இவ்வளவு புடைத்ததில்லை.

இனி ஆறு மாதம் யாரும் பார்க்க மாட்டார்கள். உள்ளே அது இஷ்டத்துக்கு வளையும். அப்படி ஒன்று அங்கே இருப்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கம்பிக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமா என்று தோன்றியது.

“அக்கா, இன்னொரு தடவ எடுங்க.”

“ஏட்டி, எதுக்கு? நல்லாத்தான வந்திருக்கு?” என்றாள் அம்மா.

அவள் துண்டை அம்மா கையில் கொடுத்தாள். பாதப் படத்தின் மேல் போய் நின்றாள்.

ஜெபராணி ஒரு நிமிஷம் அவளையே பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

அம்மா இருட்டிலும் சாமி பேரைச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் தோளை விட்டாள். இடுப்பை விட்டாள். மூச்சையும் விட்டாள்.

கோடுகள் முதுகில் வளைந்து விழுந்திருக்க வேண்டும்.

பின்னால் அம்மாவின் முணுமுணுப்பு பாதியில் நின்றது.