ஐந்து மணிக்குள் ஒரு திருத்தம்

பெயரை வாசித்ததும் மறுமுனையில் பேச்சே இல்லை. நாளிதழின் விளம்பரப் பிரிவுப் பெண்ணுக்கு இது பழக்கம்தான். இரங்கல் அறிவிப்பைச் சரிபார்க்கக் கூப்பிட்டால், பாதி வீடுகளில் பேச்சுக்கு முன்னால் அழுகைதான் வரும்.

“துக்க வீட்ல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கங்க. ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. வீட்டு நம்பர்ல யாராவது ஒருத்தர் ‘சரி’ன்னு சொல்லாம அறிவிப்பைப் போடக் கூடாதுங்கிறது இங்க சட்டம். நீங்க யாரு பேசறது?”

மறுமுனை தொண்டையைச் செருமிக்கொண்டது. “நானா? இந்த வீட்ல சமைக்கிறவ.”

“வீட்டு ஆளுங்க யாரும் இல்லையா?”

“ஐயா இருக்கார். ஆனா போனெல்லாம் எடுக்க மாட்டார். நீங்க வாசிங்க, எனக்கு எல்லாம் தெரியும்.”

அவள் வாசித்தாள். “‘கணவரின் நிழலாய் வாழ்ந்த மனைவி. இரு மகன்களைக் கண்ணாய் வளர்த்த தாய். நான்கு பேரக் குழந்தைகளின் செல்லப் பாட்டி. நாற்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல்...’”

“அஞ்சு.”

“என்னம்மா?”

“பேரப் பிள்ளைங்க அஞ்சு. சின்னவனுக்குப் போன மாசம் பொண்ணு பொறந்திருக்கு. ஐயாவுக்கு அதெல்லாம் மனசுல நிக்காது. அப்புறம், அந்த ‘முகம் சுளிக்காம’வை எடுத்துடுங்க. நல்லாவே சுளிச்சிருக்காங்க. ஐயா நிமிர்ந்து பார்த்திருந்தாத்தானே தெரியும்!”

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு, சிவப்புப் பேனாவால் அந்த வார்த்தைகளை அடித்தாள். “ரொம்ப வருஷமா அங்க வேலை செய்யறீங்களோ?”

“அந்தம்மா இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கே நானும் வந்துட்டேன்.”

“பாவம், அவங்களுக்கு என்னதான் ஆச்சு?”

“முட்டி தேஞ்சு போச்சு. ஆறு மாசமா மாடிக்குச் சாப்பாடு தூக்கிட்டுப் போக முடியலை. ஐயாதான் படி இறங்கி வந்து சாப்பிட வேண்டியதாப் போச்சு.”

“முட்டி தேஞ்சதுக்கா செத்துப்போனாங்க?”

“இந்த வீட்ல அது போதும்மா.”

பக்கம் கட்டுகிறவர் தன் மேசையிலிருந்து குரல் கொடுத்தார். “தங்கச்சி, உன் பாட்டியம்மாவுக்கு இடம் பிடிச்சு வச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். வருவாங்களா, மாட்டாங்களா?”

“வந்துட்டே இருக்காங்க அண்ணே!” என்றவள் மறுபடி தொலைபேசியில் குனிந்தாள். “கடைசி வரி மட்டும்தான் பாக்கி. ‘சனிக்கிழமை மாலை ஐந்தரை மணியளவில் இயற்கை எய்தினார்.’ சரிதானே?”

“இன்னைக்கு என்னம்மா கிழமை?”

“சனி” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால்.

படிவத்தைத் திருப்பினாள். மதியம் பன்னிரண்டு மணிக்குப் பெற்றுக்கொண்டதாக முத்திரை. குத்தியது அவளேதான். வார்த்தைகளை எண்ணினாளே தவிர, நேரத்தைப் படிக்கவில்லை. ‘ஞாயிற்றுக்கிழமைன்னாதான் நாலு பேர் படிப்பாங்க’ என்று சொல்லிப் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போன, வழித்து வாரிய தலையோடு வந்த பெரியவரின் முகம் நினைவுக்கு வந்தது.

“அம்மா... நீங்க யாரு?”

“நீங்க முதல்ல வாசிச்சீங்களே ஒரு பேரு, அவதான்.” மறுமுனையில் பதற்றமே இல்லை. “ரயிலுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் நிக்கிற மனுஷர் அவர். எதையும் கடைசி நேரம் வரைக்கும் விட மாட்டார். வீட்டு நம்பரை எதுக்கு எழுதினார்னு பார்க்கறீங்களா? எந்தப் படிவம்னாலும் அதைத்தான் எழுதுவார். மணி அடிச்சா ஓடி வந்து எடுக்கத்தான் நான் இருக்கேனே.”

“உடனே வெளியே வந்துடுங்கம்மா! பக்கத்து வீட்டுக்குப் போயிடுங்க. நான் போலீசுக்குச் சொல்றேன். இந்த அறிவிப்பை இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்.”

“இருங்க, கூப்பிடறார். நாப்பத்தொரு வருஷத்துல முதல் தடவையா எனக்கும் சேர்த்து ரெண்டு கோப்பை காபி போட்டுக் கொண்டு வந்திருக்கார். வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்? வச்சுடாதீங்க.”

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். சற்றுத் தள்ளி ஓர் ஆண் குரல்: “யாரு போன்ல?”

“பேப்பர் ஆபீஸ். சந்தா முடியப் போகுதாம். அடுப்பை அணைக்காமலே வந்துட்டீங்களே, தீயற வாசனை வருது பாருங்க.”

முணுமுணுப்போடு செருப்புச் சத்தம் விலகிப் போனது. மேசைமேல் இரண்டு பீங்கான் கோப்பைகள் உரசி நகரும் சத்தம். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

“அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு. என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறே? குடி.”

“நீங்க குடிங்க முதல்ல. நான் என்னைக்கு உங்களுக்கு முன்னாடி குடிச்சிருக்கேன்?”

“அம்மா! அம்மா!” என்று இவள் கத்தினாள். பக்கம் கட்டுகிறவர் எழுந்தே வந்துவிட்டார். மறுமுனையில் யாரோ நிதானமாக, மிடறு மிடறாக உறிஞ்சும் சத்தம் கேட்டது. காலிக் கோப்பையை மேசையில் வைக்கும் சத்தமும் கேட்டது.

பிறகு ரிசீவர் எடுக்கப்பட்டது.

“அறிவிப்பைக் கிழிச்சுடாதீங்கம்மா. மனைவின்னு இருக்கிற இடத்துல கணவர்னு மாத்திடுங்க.”