சிங்கவரத்தின் ஒன்பது கட்டுகள்

பாண்டுரங்கன் மூன்றாவது கட்டைப் பிரித்தபோது ஞானம்பாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி.

பழைய பிறப்புப் பதிவேடுகள் செல்லரித்திருந்தன. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா பாண்டுரங்கன் ஒவ்வொரு தாளையும் ஊதி ஊதித்தான் புரட்டினார். கட்டுக்குக் கால் மணி நேரம்.

சிங்கவரத்துக்கு ஒன்பது கட்டு. இதையும் சேர்த்து இன்னும் ஏழு. நாலே முக்காலுக்கு முடிந்துவிடும்.

மகள் செந்தாமரைக்குச் சட்டப்படி வேண்டிய பதினைந்து வயது ஆகவில்லை என்பதற்கு ஐந்து மணிக்குள் காகிதம் காட்டினால், நாளைக் காலைக் கல்யாணத்தை நிறுத்துவதாக மாஜிஸ்திரேட் சொல்லியிருந்தார். கோர்ட் நாலு கட்டடம் தள்ளித்தான்.

"மணியையே பாத்துக்கினு இருந்தா கெடச்சிடுமா? பந்தல் போட்டாச்சு. வூட்டுக்கு வா."

எதிர் பெஞ்சில் கலியபெருமாள். அவள் கணவனின் அண்ணன். மாப்பிள்ளை அவர் பார்த்தது.

பிறகு குமாஸ்தாவுக்கு டீ வரவழைத்தார்.

டீ என்றால் பத்து நிமிடம். அவள் போட்ட கணக்கில் அதற்கு இடமில்லை.

"டீயை எடக்கையில புடிச்சுக்கினு சோத்துக்கையால பொரட்டுங்க சார்."

பாண்டுரங்கன் சிரித்துவிட்டார். புரட்டவும் செய்தார்.

எட்டாவது கட்டில் ஏதோ ஒரு வரியை முணுமுணுத்தார். "தகப்பன் ஊரு அனந்தபுரம். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு வந்தவ..."

ஞானம்பாள் எழுந்து நின்றுவிட்டாள்.

செந்தாமரை தலைச்சன். பிறந்தது தொண்டூரில், ஞானம்பாளின் அம்மா வீட்டில். எந்த ஊர் என்று மனுவுக்குக் கேட்டபோது, இத்தனை வருடப் பழக்கத்தில் புருஷன் ஊர் சிங்கவரம்தான் வாயில் வந்தது.

கலியபெருமாள் துண்டால் முகத்தை விசிறிக்கொண்டார். தப்பான ஊரில் தேடுகிறார்கள் என்று அவருக்கு முதலிலேயே தெரியும்.

"இதை மூடுங்க சார். தொண்டூர எடுங்க."

"மனுவை மாத்தணுமேம்மா..."

அவர் சொல்லி முடிக்கும் முன் ஞானம்பாள் அவருடைய பேனாவை எடுத்து, சிங்கவரத்தை அடித்துவிட்டுத் தொண்டூர் என்று எழுதினாள்.

தொண்டூருக்கு நாலு கட்டு. ஒரு மணி நேரம். இருந்ததோ நாற்பது நிமிடம்.

அதற்குப் பிறகு அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது கட்டில் பாண்டுரங்கன் விரல் நின்றது. வாய்விட்டுப் படித்தார்.

"ஐம்பதாம் வருஷம், பிப்ரவரி. பெண் குழந்தை. தகப்பன் அரங்கநாதன், சிங்கவரம்."

பதிமூன்றுதான்.

அடுத்த வரிக்கு வந்தவர் நிறுத்தினார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அதையும் படிங்க சார். அவரும் கேக்கட்டும்."

"தாயார் ஞானம்பாள்" என்றார் பாண்டுரங்கன். "வயது பதினாலு."