கேணலின் கல்வெட்டு

இறந்தவரின் வாழ்க்கையை அச்சிட்டு முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டுக்கு, லண்டன் இல்ஃபோர்டில் யோகலிங்கத்தின் அச்சகம்தான் பெயர்போனது. 1988 மார்ச்சில் ஒரு காலை, பாலாம்பிகை அங்கே வந்து ஒரு படத்தை மேசையில் வைத்தாள்.

“வெள்ளைக்காரனுக்கோ அக்கா கல்வெட்டு?” யோகலிங்கம் சிரித்தார்.

“நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரர், தம்பி. கேணல் ஹேவுட். இங்கிலீசிலை எழுதுங்கோ.”

அவள் தாளைப் பார்க்காமலே சொன்னாள். பதினெட்டு வயதில், 1914இல் படையில் சேர்ந்தார். பிரான்சில் இரண்டு தடவை காயப்பட்டார். அடுத்த போரில் பர்மாவுக்குப் போய், அங்கேதான் கேணல் ஆனார்.

“மனுசி?”

“லண்டனிலை குண்டு விழேக்கை போயிட்டா. பிள்ளையளும் இல்லை.”

“அப்ப கடைசிப் பக்கத்திலை நன்றி சொல்லுறது ஆர்?”

“என்ர பேரைப் போடுங்கோ.”

யோகலிங்கத்தின் சிரிப்பு நின்றது. “இறந்த திகதி?”

“அந்த இடத்தை வெறுமையா விடுங்கோ.”

“ஏன், தெரியாதோ?”

பாலாம்பிகை கண்ணாடிக்கு வெளியே கை காட்டினாள். வாசலில் நின்ற மினிகாப் வாடகைக் காரின் பின் இருக்கையில், கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் பூட்டிய கிழவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ர மனுசன்ர கல்வெட்டைக் கண்ட நாளிலையிருந்து கேக்கிறார். செத்தாப் பிறகு தன்ரயை வாசிக்க ஒருத்தரும் இல்லையாம். இப்பவே தான் வாசிக்கவேணுமாம்.”

யோகலிங்கம் பேனாவை எடுத்தார். “நூறுக்குக் குறைய நான் அடிக்கிறேல்லை அக்கா.” பிறகு மெதுவாகக் கேட்டார். “எத்தினை வேணும்?”

“ரெண்டு. அவருக்கொண்டு, எனக்கொண்டு.”