ஓரெழுத்து

பூக்களை வாடாமல் வைக்கும் குளிரறைக்குள் நுழையுமுன் கவிப்ரியா ஒரு பாட்டில் தண்ணீரை முழுவதும் குடிப்பாள். பிறகு தகரச் சுவரில் முதுகைச் சாய்த்துச் சிறிது நேரம் வெயிலில் நிற்பாள். கெலமங்கலம் சாலையிலுள்ள அந்த ரோஜாப் பண்ணையில் சேர்ந்த நாள் முதலாக அது அவளுடைய வழக்கம்.

மத்தூரார் என்று எல்லாரும் அழைக்கும் மேற்பார்வையாளர் முனிவேலுக்கு அது பொறுக்காது.

"இன்னா மகாராணி, வெயில் காஞ்சாச்சா? உங்க ஆளுங்களுக்கு உடம்பு வளையவே வளையாதே!"

மலையிலிருந்து இறங்கி வந்த இருளர் பெண் அங்கே அவள் ஒருத்திதான் என்பது எல்லாருக்கும் தெரியும். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்தபடியே உள்ளே போவாள். அந்த வேலையை நம்பித்தான் மலைமேல் அவள் வீடு இருந்தது.

பிப்ரவரி மாதத்து ஏற்றுமதி அவசரத்தில், பூக்கட்டுகளுக்கு நடுவே, மூட்டுகளைப் பிடித்துக்கொண்டு அவள் சுருண்டு விழுந்தாள். நடிக்கிறாள், நிறுத்திவிடலாம் என்று மேலாளரிடம் சொன்னவர் முனிவேல்தான்.

இன்று சுகாதார நிலையத்துச் செவிலியர் அனிதா, பூக்கட்டும் கூடத்திற்கே வந்திருந்தார். மருத்துவமனையிலிருந்து திரும்பிய கவிப்ரியா அவர் அருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மேலாளரும் முனிவேலும் உட்பட மற்றவர்கள் தள்ளியே நின்றார்கள்.

"ஒட்டிக்கிற நோய் இல்லம்மா, பயப்படாதீங்க. அரிவாள் செல் நோய்னு பேரு. ரத்தத்தை உண்டாக்கறதுக்கு மரபணுவுல எழுதியிருக்கற குறிப்புல ஒரே ஒரு எழுத்து மாறிப்போயிருக்கு. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்தத் தப்பு வந்தா நோயாயிடும். குளிர் பட்டாலோ, உடம்புல தண்ணி குறைஞ்சாலோ, வட்டமா இருக்கற ரத்தச் செல்லு அரிவாளாட்டம் வளைஞ்சு ரத்தக் குழாயை அடைச்சுக்கும். வலி உயிர் போயிடும்."

வளையாது என்று தாம் பழித்த உடம்புக்குள் வளைந்துகொண்டிருந்தது எது என்று முனிவேலுக்கு விளங்கியது.

அனிதா கூடத்தை ஒருமுறை பார்த்தார். "மலைப்பக்கத்து இருளர் ஜனங்ககிட்ட இது கொஞ்சம் அதிகம். வேற யாராச்சும் இருந்தா ஒரு சொட்டு ரத்தம் குடுங்க, பார்த்துடலாம்."

"இங்க இவ ஒருத்திதான் சிஸ்டர்," என்றாள் பூக்கட்டும் ராஜாத்தி.

மேலாளர் பெருமூச்சு விட்டார். "அப்போ முனிவேல், நீங்க சொன்ன மாதிரியே நாளையிலருந்து நிறுத்திடலாம். கோல்டு ரூமுக்கு ஆவாத பொண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

கவிப்ரியா தலைகுனிந்தாள்.

"நிறுத்த வேணாம் சார். நான் சொன்னது தப்பு. அவ நடிக்கல. பூ தரம் பிரிக்கற மேசைக்கு மாத்திடறேன், அங்க குளிர் கிடையாது." முனிவேல் சற்றே தயங்கினார். "எங்க ஆளுங்க வேலைக்கு அஞ்சறவங்க இல்ல."

ராஜாத்தி சிரித்துவிட்டாள். "உங்க ஆளுங்கன்னுதானே எப்பவும் அவளைச் சொல்லுவே? உனக்கும் ஒரு எழுத்து மாறிப்போச்சு பாருண்ணா!"

அவர் திருத்திக்கொள்ளவில்லை.

கவிப்ரியாவின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். தமிழ் போல இருந்தது, தமிழில்லை. கன்னடம் போலவும் இருந்தது, கன்னடமும் இல்லை. தெலுங்கு அறிந்தவர்களும் விழித்தார்கள். மூன்று மொழிகள் புழங்கும் அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் அது பிடிபடவில்லை.

கவிப்ரியா நிமிர்ந்து அவரையே பார்த்தாள். மலைமேல் அவள் வீட்டில் பேசும் பேச்சு அது. பண்ணைக்கு வந்தபின் அவள் அதை யாரிடமும் பேசியதில்லை. பேசக்கூடியவர் ஒருவர் இத்தனை நாளும் தன் எதிரிலேயே நின்றிருந்தார் என்று அவளுக்குத் தெரியாது.

அதே பேச்சில் அவளும் ஒரு சொல் சொன்னாள். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

முனிவேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அனிதாவிடம் தம் விரலை நீட்டினார்.