ஒன்பது பேர் போட்ட புகார்

"உங்க கிளாஸ்ல இருந்து டைரக்டருக்குப் புகார் போயிருக்கு. ஒம்பது பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

ஆபீஸ் அக்கா ஸ்டேப்ளரில் பின் மாட்டிக்கொண்டே சொன்னாள், ஏதோ வெளியே மழை வருது என்பது மாதிரி. புது டீச்சர் நடையை நிறுத்தித் திரும்பினாள்.

"ஒம்பது பேருமா?"

"ஒருத்தர் பாக்கியில்ல. மேலயே 'புகார்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நாலரைக்கு உங்களை வரச் சொன்னார்."

நாள் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. பள்ளியின் டைரக்டர் மனசு வைத்தால் இன்னும் இரண்டு வருஷம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

காலேஜ் முடித்த கையோடு கடல் தாண்டி வந்தவள். வேலைக்குப் போகிற பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வேண்டும். கிளம்பும்போதே சித்தப்பா கேலி பண்ணினார், "பால்பல் விழாததெல்லாம் பல் விழுந்தவங்களுக்குப் பாடம் எடுக்கப் போகுதாம்" என்று.

காலி வகுப்பறை ஒன்றில் நுழைந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, என்மேல புகார் குடுத்துட்டாங்கம்மா."

"யாருடி?"

"என் புள்ளைங்கதான்."

அவளுடைய மூத்த பிள்ளைக்கு அறுபத்திரண்டு வயசு. சலூன் வைத்திருக்கிறார்.

"நீ ஏதாவது திட்டினியா?"

"லேசா."

"லேசான்னா?"

"சலூன்காரர் ஒரே வரியை நாலு வாரமா தப்பா எழுதினார். அதுக்குள்ள ஒரு தலையில முடி வளர்ந்து வெட்டியே முடிச்சிருக்கலாமேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"பஸ் டிரைவரை இடம் மாத்தி உக்கார வெச்சேன். பக்கத்துல பேசிக்கிட்டே இருந்தார்."

"அவருக்கு என்ன வயசு?"

"அம்பத்தெட்டு."

"விளங்கிடும்," என்றாள் அம்மா.

"அதுகூடப் பரவாயில்லம்மா. புகார்க் கடிதம் எழுதறது எப்படின்னு நாலு வாரம் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக் குடுத்ததே நான்தான். வாங்குன பொருள் சரியில்லன்னா கடைக்காரருக்கு எழுதுவோமே, அது. புத்தகத்துல இருக்கற ஒரே லெட்டர் அதுதான். அதை வெச்சே எனக்கு வேட்டு வெச்சுட்டாங்க. வளர்த்த கடா மாருல பாய்ஞ்சிடுச்சு."



"சரி விடு. அவர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீயே மன்னிப்புக் கேட்டுடு. கேட்டா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டே. வேலை போச்சுன்னா வீட்டுக்கு வா, சோறா இல்ல நமக்கு?"

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகையே வந்தது. சோறு இருக்கும்தான். இந்த ஒன்பது பேர் இருக்க மாட்டார்களே.

டைரக்டர் அறைக்கு அவள் வகுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒன்பது பேரும் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். இவள் தலை தெரிந்ததும் அத்தனை பேரும் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். தினமும் கையாட்டுகிற நர்ஸம்மாகூட நிமிரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

"சார், நான் கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன். வயசுக்காவது மரியாதை குடுத்திருக்கணும். எல்லார்கிட்டயும் நேர்ல மன்னிப்புக் கேட்டுடறேன்."

டைரக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"முதல்ல இதைப் படிங்க. இருபது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன், இப்படி ஒரு புகார் எனக்கு வந்ததில்ல."

சலூன்காரரின் குண்டு எழுத்து. தேதி, விலாசம், தலைப்பு எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தபடி அந்தந்த இடத்தில் இருந்தன. அந்த நிலைமையிலும் ஒரு டிக் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

'ஐயா, கடந்த மார்ச் மாதம் உங்களிடமிருந்து ஒரு டீச்சரைப் பெற்றோம். அளவில் மிகவும் சிறியது. சத்தம் அதிகம். அடிக்கடி சூடாகிவிடுகிறது.'

அதற்குமேல் எழுத்து கலங்கியது. பேப்பரை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"புரிஞ்சிடுச்சு சார். நான் கிளம்பறேன்."

"உக்காருங்கம்மா. பாதியில வைக்கறதா இருந்தா நான் எதுக்கு உங்களைக் கூப்பிடறேன்? ஆமா, டைரக்டருக்கு எழுதறதுன்னா கோரிக்கைன்னு ஒண்ணு எழுதலாமே, இவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார். நான் இந்த ஒரு லெட்டர்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்படிச் சொல்லுங்க," என்று சிரித்தபடி இன்னொரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "ரெண்டு வருஷத்துக்கு நான் கையெழுத்துப் போட்டாச்சு, இனி நீங்க போடணும். அதுக்கு முன்னாடி மிச்சத்தைச் சத்தமாப் படிங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

'ஆறு மாதம் முடிந்ததால் நீங்கள் இதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டோம். தயவுசெய்து எடுக்க வேண்டாம். இதைவிட நல்லதாக ஒன்றைத் தந்தாலும் வாங்க மாட்டோம். எங்களுக்கு இதுவேதான் வேண்டும்.'